கர்ப்பிணிக்கு ஃபுளூ ஊசி: அந்த 25 மைக்ரோகிராம் சங்கதி

பெரம்பூர் மெடிக்கல்:
எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறு மணிக்கே ஒரு மகான் எழுதியிருக்கிறார்: "ஃபுளூ ஊசியில் பாதரசம். கர்ப்பிணிகள் போட்டால் கரு கலையும். பகிரவும்." ஐப்பசி மழை தொடங்கினால் ஊருக்குக் காய்ச்சல் வருகிறதோ இல்லையோ, இவர்களுக்கு வந்துவிடுகிறது. இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் கடை ஃபிரிட்ஜில் இருக்கும் ஃபுளூ ஊசி எல்லாம் ஒரு ஆளுக்கான மருந்தை நிரப்பி வரும் சிரிஞ்சு. பாதரசம் பூஜ்யம்.

ஆதம்பாக்கம் அப்பு:
அந்த மகான் நானில்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. பல பேருக்குப் போடும் குப்பியில் தைமரோசால் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அதன் எடையில் பாதி பாதரசம். ஒரு டோஸுக்கு 25 மைக்ரோகிராம். இதைச் சொல்லாமல் பூஜ்யம் என்கிறீர்கள். விற்கிறவர் வேறு எப்படிப் பேசுவார்?

பெரம்பூர் மெடிக்கல்:
வந்துவிட்டாரா! போன வருடம் கேன் தண்ணீர் சண்டையிலும் இதே குத்தல்தான். சிரிஞ்சு என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறேன், கண்ணாடி போட்டுப் படியுங்கள். குப்பிக்குள் திரும்பத் திரும்ப ஊசி இறங்கும்போது கிருமி சேரக்கூடாது என்பதற்காகத்தான் தைமரோசால். அதில் இருப்பது எத்தில் பாதரசம். பெரிய மீன்களில் சேர்வது மெத்தில் பாதரசம். முன்னது உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும், பின்னது தங்கும். சாராயத்தில் எத்தனால், கள்ளச்சாராயச் சாவில் மெத்தனால். ஓர் எழுத்துதான் வித்தியாசம்!

ஆதம்பாக்கம் அப்பு:
சாராயக் கதை வேண்டாம். குப்பியில் 25 உண்டா, இல்லையா?

மந்தவெளி மாமி:
எனக்கு ஒன்று புரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு டிடி ஊசி மட்டும்தானே போடுகிறார்கள்? அரசு அட்டவணையில் இல்லாததை ஆயிரத்துக்கு மேல் கொடுத்து எதற்குப் போட வேண்டும்? நான் மூன்று பெற்றேன், மூன்றும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கின்றன.

பெரம்பூர் மெடிக்கல்:
மாமி, உங்கள் காலத்தில் ஹெல்மெட்டும் கிடையாது. தேசிய அட்டவணையில் ஃபுளூ ஊசி இல்லை என்பது உண்மை. அதனால் தேவையில்லை என்று ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2012லேயே இந்த ஊசிக்குக் கர்ப்பிணிகளை முதல் வரிசையில் வைத்தது. 2009 பன்றிக் காய்ச்சலில் அமெரிக்க மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதமாக இருந்த கர்ப்பிணிகள், செத்தவர்களில் சுமார் 5 சதவீதம். கல்லுக்குண்டு கணக்கெல்லாம் பிழைத்தவர்கள் சொல்வது.

மந்தவெளி மாமி:
வயதுக்கு மரியாதை வேண்டாமா? ஹெல்மெட் எங்கிருந்து வந்தது?

ஐந்தாம் மாதம்:
எனக்கு இப்போது 21 வாரம். தினமும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நெரிசலில்தான் போய் வருகிறேன். பெட்டி முழுக்க இருமல். போன வருடமும் ஃபுளூ ஊசி போட்டேன். அடுத்தடுத்த வருடம் போட்டால் கரு கலையும் என்று 2017ல் ஆய்வு வந்ததாமே? சண்டை போடாமல் யாராவது சொல்லுங்களேன்.

பெரம்பூர் மெடிக்கல்:
கேளும்மா. அந்த ஆய்வு உண்மைதான். 2010-11, 2011-12 பருவங்களைப் பார்த்தார்கள். முந்தைய வருடமும் எச்1என்1 (அந்தப் பன்றிக் காய்ச்சல் வைரஸ்) சேர்ந்த ஊசி போட்டவர்களிடம், மறுபடி போட்ட 28 நாளுக்குள் கருச்சிதைவு கூடுதலாகத் தெரிந்தது. மிகச் சிறிய எண்ணிக்கை. ஊசிதான் காரணம் என்று அவர்களே சொல்லவில்லை. அதே குழு அடுத்த மூன்று பருவங்களை எடுத்து, இன்னும் அதிகம் பேரைப் பார்த்து 2019ல் வெளியிட்டது. தொடர்பு இல்லை. அதோடு கருச்சிதைவு என்பது 20 வாரத்துக்கு முன்னால் நடப்பது. நீ அதைத் தாண்டிவிட்டாய்.
மூக்கில் அடிக்கும் ஸ்பிரே மட்டும் வேண்டாம், அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். இன்னொன்று, பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை இந்த ஊசி போட முடியாது. உன் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புதான் அதற்குப் போகும். வங்கதேசத்தில் 340 தாய்மார்களை வைத்துச் செய்த ஆய்வு 2008ல் வந்தது. ஊசி போட்டவர்களின் குழந்தைகளுக்கு ஃபுளூ 63 சதவீதம் குறைவு. சென்னையில் ஃபுளூ ஏறுவது அக்டோபர், நவம்பர் மழையோடு. தள்ளிப் போடாமல் டாக்டரிடம் கேள்.

ஆதம்பாக்கம் அப்பு:
2017ல் வந்தால் சிறிய எண்ணிக்கை, 2019ல் வந்தால் வேதவாக்கு. நல்ல நியாயம். சரி, 2025 ஜூனில் அமெரிக்க அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழுவே தைமரோசால் உள்ள ஃபுளூ ஊசி வேண்டாம் என்று ஓட்டுப் போட்டதே, அது எதற்காம்? 25க்கு இன்னும் பதில் வரவில்லை என்பதைச் சபை கவனிக்கட்டும்.

பெரம்பூர் மெடிக்கல்:
அதே மாதம் அந்தக் குழுவின் 17 பேரையும் மொத்தமாகத் தூக்கிவிட்டுப் புது ஆட்களைப் போட்டார்கள், அதையும் சபைக்குச் சொல்லுங்கள். அந்தப் புதுக் குழுகூட கர்ப்பிணிகளுக்கு ஊசி கூடாது என்று சொல்லவில்லை. ஒற்றை டோஸ் போடுங்கள் என்றது. நான் முதல் வரியில் சொன்ன சிரிஞ்சு!

காசிமேடு கண்ணன்:
ஊசியை விடுங்கள். பெரிய மீனில் விஷம் என்று மேலே போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என்ன அர்த்தம்? பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா புட்டு கொடுக்காத வீடு எங்கள் பக்கம் உண்டா?

பெரம்பூர் மெடிக்கல்:
விஷம் என்று நான் எழுதவில்லை. சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் மெத்தில் பாதரசம் அதில் கூடுதலாகச் சேரும். கர்ப்பிணிகள் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. மத்தி, நெத்திலி தாராளமாகச் சாப்பிடலாம்.

காசிமேடு கண்ணன்:
தயிர்சாதம் சாப்பிடுகிறவர் எங்களுக்கு மீன் பாடம் எடுக்கிறார்.

பெரம்பூர் மெடிக்கல்:
நான் தயிர்சாதம் என்று யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து என் டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்கள்!

ஆதம்பாக்கம் அப்பு:
பார்த்தீர்களா, சுறாவில் பாதரசம் என்றால் "தவிர்ப்பது நல்லது". குப்பியில் என்றால் சாராய உதாரணம். 25, சார், 25.

ஐந்தாம் மாதம்:
இன்று போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டரிடம் பெட்டியைக் காட்டச் சொன்னேன், ஒற்றை டோஸ் சிரிஞ்சுதான். தோள் கொஞ்சம் வலிக்கிறது.

மந்தவெளி மாமி:
ஐஸ் வை கண்ணா. ஹெல்மெட் விஷயத்துக்கு இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆதம்பாக்கம் அப்பு:
பெட்டியில் எழுதியிருந்ததைப் படம் எடுத்தீர்களா? நம்ம கடைக்காரர் கேன் தண்ணீரையும் சுத்தம் என்றுதான் சொன்னார்.

பெரம்பூர் மெடிக்கல்:
கேன் தண்ணீருக்கு வருகிறீர்களா? வாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.