காவிரி வழக்குப் போட்ட சங்கம் குத்தகைக்காரருக்கு என்ன செய்தது?

வெண்ணாற்றங்கரை:
எங்கள் ஊரில் இந்த வாரம் விவசாயிகள் சங்கத்துக்குச் சந்தா பிரிக்கிறோம். "இவர்கள் என்ன கிழித்தார்கள் என்று நூறு ரூபாய் கொடுக்க வேண்டும்?" என்று என் சித்தப்பா மகனே கேட்டுவிட்டான். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட 1924 காவிரி ஒப்பந்தத்தின் 50 ஆண்டு 1974இல் முடிந்தது. அப்புறம் பேச்சுவார்த்தையிலேயே காலம் ஓடியது. தமிழக அரசு 1971இல் போட்ட வழக்கையும் அடுத்த வருஷமே திரும்பப் பெற்றிருந்தது. 1983இல் துணிந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது அரசு இல்லை, விவசாயிகள். தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் என்று பெயர். அவர்களுடைய மனுவின் மேல்தான் 1990 மே 4 அன்று, ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றம் அமைக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஜூன் 2இல் மன்றம் அமைந்தது. 1991இல் கர்நாடகம் 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் விடச் சொல்லி இடைக்கால உத்தரவும் வந்தது. ஏழு வருஷம் டெல்லிக்கு அலைந்தவர்களை இரண்டு வார்த்தையில் தூக்கி எறியலாமா?

செல்வி, கோட்டூர் பக்கம்:
அண்ணே, தண்ணீர் வாங்கிக் கொடுத்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் விளைவது யார் கணக்கில் ஏறுகிறது என்று கேட்கிறேன்.

நான் ஆறு மா, அதாவது ஏறத்தாழ இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்கிறேன். எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்து கிடையாது. 2021 பொங்கலை ஒட்டிப் பெய்த மழை நினைவிருக்கிறதா? அறுப்புக்கு நின்ற சம்பா அப்படியே சாய்ந்தது. நாலாம் நாள் வயலில் இறங்கிக் கதிரைத் தூக்கிப் பார்த்தால், நெல்மணியில் இருந்து வெள்ளையாக முளை விட்டிருந்தது. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒரு புளிச்ச வாடை. உழவு, நடவு, உரம் எல்லாம் என் கைக்காசு. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் என்று விஏஓ எழுதுகிற அடங்கலில் நிலத்துக்காரர் பெயர் இருந்ததால் பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போனது. அவர் அதில் பாதி கொடுத்தார். அவர் நல்ல மனுஷர், அதனால் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருந்தால் நான் எந்தச் சங்கத்தில் போய் நின்றிருப்பேன்?

கடைமடை மணி:
வாய்க்காலில் தண்ணீரே வராவிட்டால் அடங்கலில் யார் பெயர் இருந்து என்ன ஆகப்போகிறது? நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில், எல்லையில் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் நமக்கு 192 டிஎம்சி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. 2023இல் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தும், எங்கள் பக்கம் குறுவை பாளம் பாளமாக வெடித்த வயலில் நின்று கருகியது. அக்டோபரில் அணையையே மூடிவிட்டார்கள். இந்த நேரத்தில் சங்கத்தை இரண்டாக உடைக்கிற பேச்சு வேண்டாம்.

திருத்துறைப்பூண்டியான்:
உடைக்கிற பேச்சு இல்லை மணி, பழைய கணக்கு. கீழத்தஞ்சையில் "சங்கம்" என்றால் எங்கள் தாத்தா காலத்தில் இரண்டு இருந்தன. நிலக்காரர்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம், கூலிக்காரர்களுக்குச் செங்கொடிச் சங்கம். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதில் தொடங்கிய சண்டை, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலிக்காரர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதில் முடிந்தது. "விவசாயி" என்று பொதுவாகச் சொன்னால் எங்களுக்கு உடனே நம்பிக்கை வராததற்குக் காரணம் இருக்கிறது.

வெண்ணாற்றங்கரை:
வெண்மணியை எங்கள் தலையில் வைக்காதீர்கள் தோழர். எங்கள் சங்கத்தில் மூன்று ஏக்கர்க்காரன்தான் அதிகம். கூட்டத்துக்குப் பஸ் காசை எண்ணிப் பார்த்து வருகிறவர்கள்.

செல்வி, உங்களுக்குச் சட்டம் இருக்கிறதே? 1969 குத்தகை உரிமை ஆவணச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். பயிர்க் காப்பீட்டிலும் குத்தகைக்காரர் சேரலாம்.

செல்வி, கோட்டூர் பக்கம்:
சட்டம் புத்தகத்தில் இருக்கிறது அண்ணே. பதிவுக்கு மனுக் கொடுத்த மறு வாரமே நிலத்துக்காரர் "அடுத்த போகத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். காப்பீட்டுக்கும் விஏஓ தருகிற அடங்கல் வேண்டும். விஏஓ "நிலத்துக்காரரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வாம்மா" என்கிறார். பதிவாகிவிட்டால் நிலத்தை விட்டுப் போக மாட்டோம் என்று நிலத்துக்காரருக்குப் பயம். நடுவில் வழக்கமான கடைசித் தேதி நவம்பர் 15 வந்துவிடும். நான் மூன்று வருஷமாக அந்தக் கையெழுத்துக்கு அலைகிறேன். நீங்கள் ஏழு வருஷம் டெல்லிக்கு அலைந்த கதை எனக்குப் புரியாமல் இல்லை.

மாதா மாதம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் சங்கத்துக்காரர்கள்தான் மைக் பிடிக்கிறீர்கள். தூர் வாருவது, யூரியா, கொள்முதல் நிலையம், எல்லாம் பேசுகிறீர்கள். சாகுபடி செய்கிறவர் பெயரை அடங்கலில் ஏற்று என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருக்கிறீர்களா?

கடைமடை மணி:
எங்கள் பக்கமும் பாதி நிலம் குத்தகைதான். அதை நான் யோசிக்கவில்லை, சரி.

வெண்ணாற்றங்கரை:
நேற்று ராத்திரி பதில் எழுத உட்கார்ந்து, எழுத முடியாமல் எழுந்துவிட்டேன்.

கேட்டதில்லை செல்வி. அது மட்டுமில்லை. எனக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாலு மா இருக்கிறது. பதினொரு வருஷமாக ஒருவரிடம் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். அவரும் இரண்டு முறை கையெழுத்துக் கேட்டார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். நிலம் போய்விடும் என்று அப்பா சொல்லி வைத்த பயம் அப்படி.

நிலத்துக்காரன் பயமும் தீரவேண்டும், உங்களுக்கும் காப்பீடு கிடைக்கவேண்டும். அந்தப் போகத்துக்கு மட்டும் செல்லுகிற சாகுபடிச் சான்று, நிரந்தர உரிமைக்கு அது ஆதாரமாகாது என்று எழுதிக் கேட்டால் என்ன? வருகிற குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிவிடலாம்.

திருத்துறைப்பூண்டியான்:
"ஆதாரமாகாது" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிற உரிமையையும் கையோடு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அந்த வரி இருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

செல்வி, கோட்டூர் பக்கம்:
தோழர் சொல்வதுதான் சரி. அந்த வரியை எடுத்துவிடுங்கள். சான்று மட்டும் கேட்போம், மற்றதைப் பிறகு பேசுவோம். எங்கள் தெருவில் இருந்து எட்டுப் பேர் வருகிறோம், எல்லாரும் குத்தகைக்காரர்கள். அண்ணே, நீங்கள் மனுவோடு அந்த நாலு மாவில் உழுகிறவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கூட்டத்துக்கு முன்னாலேயே அவருக்குக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.