ஜவ்வாது அடிவாரத்தில் இரண்டு நாள்: காட்டுக்குள் போவதா, தோப்பிலேயே இருப்பதா?

தோப்புக்காரன்:
ஜனவரி கடைசி சனி, ஞாயிறு உயிர்பிழைக்கும் பயிற்சிக்குக் கூடலாம் என்று நினைக்கிறேன். இடம் ஆலங்காயம் தாண்டி எங்கள் சித்தப்பாவின் மாந்தோப்பு, பின்வேலிக்கு அந்தப் பக்கம் மலை ஏற ஆரம்பித்துவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், காட்டுத்தீக் காலம் தொடங்கியிருக்காது, அதனால்தான் ஜனவரி. தார்ப்பாய் கட்டுவது, தண்ணீரைச் சுத்தம் செய்வது, தீ மூட்டுவது, திசை பார்ப்பது, முதலுதவி. கிணறு இருக்கிறது, கழிப்பறை ஒன்று இருக்கிறது. யார் யார் வருகிறீர்கள்?

ஒற்றைக்கொம்பன்:
தோப்புக்காரன் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், கிணறும் கழிப்பறையும் இருக்கிற இடத்தில் என்ன உயிர்பிழைக்கும் பயிற்சி? அதற்குப் பெயர் தோட்ட விருந்து. என் யோசனை இது. வண்டிகளைத் தோப்பில் போட்டுவிட்டு விடியற்காலையில் மலையேறிவிடலாம். ஆளுக்கு ஒரு கத்தி, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு போர்வை, அவ்வளவுதான். போனை அணைத்துப் பையில் வைத்துவிட வேண்டும், சருகைப் பரப்பி அதன்மேல் படுக்க வேண்டும், சுருக்கு வைத்து முயல் பிடிக்க எனக்குத் தெரியும், சொல்லித்தருகிறேன். ஒரு ராத்திரிக்கு யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

சும்மாவந்தேன்:
முயல் பார்க்கும்.

தேனிக்காரன்:
யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்று நம்பிப் போனால் ஏதாவது ஆனாலும் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள், அதுதான் பிரச்சினையே. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் அங்கே தீ மூட்டுவதும் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். முயலுக்குச் சுருக்கு வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் போடிப் பக்கத்து ஆள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் ஊரில் இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் டீக்கடையில் சத்தம் குறைந்துவிடும். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன.

ஒற்றைக்கொம்பன்:
குரங்கணியை இழுத்தால் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைப்பு. நான் அதையே திருப்பிக் கேட்கிறேன், காட்டில் தீயைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? மாமரத்தடியில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

தேனிக்காரன்:
மாமரத்தடியில்தான் கற்றுக்கொள்ள முடியும், தீக்கு நடுவிலா வகுப்பு எடுப்பார்கள்? காய்ந்த புல் நிற்கும் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதன் அதை முந்த முடியாது, அதனால் ஏறி ஓடக் கூடாது. வெறும் பாறை, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, ஓடைப் படுகையில் புல் இல்லாத இடம், இவற்றில் எது பக்கம் என்று நடக்கும்போதே பார்த்துக்கொண்டே போக வேண்டும். தோப்பின் பின்சரிவைக் காட்டியே இதை அரைமணி நேரத்தில் சொல்லிவிடலாம். அதோடு எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம். முயல் பிடிப்பதைவிட இதுதான் ஆளைக் காப்பாற்றும்.

பச்சிலை:
நான் தாலுகா மருத்துவமனை ஒன்றில் செவிலியர். சருகில் படுக்கலாம் என்று தம்பி சொன்னதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு, தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கடி பல நேரம் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் இமை தூக்க முடியாமல் தொங்க ஆரம்பிக்கும், பேச்சு குழறும், அதற்கடுத்தது மூச்சு. அதனால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுக்க வேண்டும். கொசுவுக்கும் ஆச்சு, பாம்புக்கும் ஆச்சு.

முதலுதவியில் நான் எடுக்கப்போகும் பாடமும் இதுதான். கயிறு போட்டு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. எலும்பு முறிந்த கையை எப்படிக் குச்சி வைத்து அசையாமல் கட்டுவோமோ அப்படிக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வந்து 108-ஐக் கூப்பிட வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், பாம்பை அடித்து எடுத்துவர வேண்டியதில்லை. போனை அணைத்து வைக்கச் சொல்லும் ஆளோடு நான் வரமாட்டேன்.

ஒற்றைக்கொம்பன்:
அக்கா, கொசுவலையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலைவாசிகள் கொசுவலையோடா பிறந்தார்கள்?

பச்சிலை:
இல்லை தம்பி. அவர்களும்தான் எங்கள் வார்டுக்கு வருகிறார்கள்.

பழைய சாரணர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், திசை பார்க்கும் பாடத்தை எனக்குக் கொடுங்கள், ஏனென்றால் இதில் நம் பையன்கள் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து படுத்துகிறார்கள். "நண்பகல் சூரியன் தெற்கே இருக்கும்" என்பான். அது லண்டனில். ஆலங்காயம் பக்கத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், அவன் சொன்னதை நம்பி நடந்தால் நேர் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வாய். துருவ நட்சத்திரமும் அப்படித்தான். இங்கே அடிவானத்துக்கு மேலே பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிதான் இருக்கும், அதாவது நீட்டிய கையின் முஷ்டி ஒன்றேகால் உயரம். வடக்கே ஒரு மேடோ தென்னை வரிசையோ இருந்தால் முடிந்தது கதை. அதற்குப் பதில் திருவாதிரைக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் நிற்கும் மூன்று நட்சத்திரங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், உலகத்தில் எங்கே நின்று பார்த்தாலும் அவை ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் இறங்கும். ஜனவரிக் கடைசியில் விடியற்காலை மூன்று மணி வாக்கில் இறங்குவதைப் பார்க்கலாம். வானம் இருட்டாக இருக்கும் பகுதி என்பதால்தான் அந்த மலையில் காவலூரில் வானாய்வகமே வைத்திருக்கிறார்கள். எழுப்பிவிடுவது என் பொறுப்பு.

சும்மாவந்தேன்:
மூன்று மணிக்கா? சார், நான் ரோட்டைக் கேட்டே போய்க்கொள்கிறேன்.

ஒற்றைக்கொம்பன்:
சரி, சட்டம், பாம்பு, நட்சத்திரம் எல்லாம் ஆச்சு. தீயையாவது ஒழுங்காக மூட்டலாமா, அதற்கும் லைட்டர்தானா? நான் தீக்கடைகோல் கொண்டுவருகிறேன். வில்லால் கடைந்து, தென்னம்பன்னாடையில் கங்கை வாங்கி ஊதி எடுப்பது தனி சுகம்.

தேனிக்காரன்:
சுகம்தான், யார் இல்லை என்றது? ஆனால் மழையில் நனைந்து கை நடுங்கிக்கொண்டு நிற்கும்போது கடைகோல் வேலைக்கு ஆகாது. ஒரு சின்ன டப்பாவில் நாலு கட்டி சூடம், தீக்குச்சி, உரசும் பட்டையும் கூடவே, மூடியை இறுக மூடி வைத்திருந்தால் போதும். சூடம் ஈரச் சுள்ளிக்கு அடியிலும் நின்று எரியும். மூடி தளர்ந்திருந்தால் காற்றில் கரைந்து காலி டப்பாதான் மிஞ்சும், பூஜை அறையில் பார்த்திருப்பீர்கள்.

ஒற்றைக்கொம்பன்:
சூடம் ஏற்றுவதற்கு ஒரு முகாம். கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே. அண்ணே, எல்லாவற்றையும் சுலபமாக்கிக்கொண்டே போனால் கை எப்போது பழகும்? சிரமப்பட்டால்தானே மனசு தாங்கும், நான் சொல்வது அவ்வளவுதான், அதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

பச்சிலை:
அதில் உண்மை இருக்கிறது. பயந்துபோனால் கை ஓடாது, அதைப் பழக்கம்தான் சரிசெய்யும். ஆனால் சிரமத்தை நாம் ஏற்பாடு செய்ய முடியும், ஆபத்தை ஏற்பாடு செய்ய வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, தூக்குப்படுக்கையை நீங்களே போர்வையில் கட்டி என்னைத் தோப்பின் கடைசியிலிருந்து கேட் வரை தூக்கி வந்து காட்டுங்கள். என் எடையைக் கேட்காதீர்கள், போதுமான சிரமம் இருக்கும்.

தோப்புக்காரன்:
சரி, எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். தோப்பிலேயே நடத்துவோம், வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் போகப் போவதில்லை, சித்தப்பா வனத்துறை ஆட்களின் முகத்தில் தினமும் விழிக்கிறவர். மலையேறியே ஆக வேண்டும் என்றால் அரசின் மலையேற்றத் திட்டம் 2024-இல் நாற்பது தடங்களோடு தொடங்கியது, வழிகாட்டியோடு இன்னொரு வாரம் போகலாம். ஒற்றைக்கொம்பனுக்காக ஒரு மாற்றம்: சனி மதியத்திலிருந்து கிணற்று மோட்டார் போட மாட்டேன். ஏரித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டுக் குடிக்க வேண்டும். தேத்தாங்கொட்டை உரைத்துப் போட்டால் கலங்கல் தெளியும், ஆனால் தெளிந்த தண்ணீரும் கொதித்தே ஆக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கழிப்பறைக்குப் பூட்டு போடச் சொன்னால் அதையும் போடுகிறேன்.

பச்சிலை:
கழிப்பறைக்குப் பூட்டு போட்டால் பெண்கள் யாரும் வரமாட்டோம். மோட்டார் மட்டும்.

ஒற்றைக்கொம்பன்:
மோட்டார் நிற்கிறது என்றால் வருகிறேன். கடைகோலும் கொண்டுவருகிறேன், யார் சூடத்தை எடுத்தாலும் நான் கடைந்து முடிக்கும் வரை பொறுக்க வேண்டும்.

தேனிக்காரன்:
பொறுக்கிறோம். இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள், சோறு வடிக்க வேண்டும்.

சும்மாவந்தேன்:
எதற்குச் சோறு? எப்படியும் ஆம்பூர் வழியாகத்தானே வருகிறேன், ஒரு குண்டா பிரியாணி வாங்கி வந்துவிடட்டுமா?

ஒற்றைக்கொம்பன்:
பிரியாணி வந்தால் நான் வரவில்லை.

பழைய சாரணர்:
அப்போது எனக்கு இரண்டு பொட்டலம்.