மூணரை வயசுப் பையனுக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம்?

கொழிஞ்சாம்பாறை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு பாலக்காடு மாவட்டத்துல, தமிழ்நாட்டு எல்லைகிட்ட. பையனுக்கு மூணரை வயசு. வீட்டுல தமிழ், தெருவுல பாதி தமிழ் பாதி மலையாளம், அங்கன்வாடில முழுக்க மலையாளம். ஜூன்ல இங்கிலீஷ் மீடியம் எல்.கே.ஜி.யில சேர்க்கணும்னு வீட்டுக்காரர் சொல்றாரு. அதுக்குள்ள எழுத்து கொஞ்சம் பழகட்டும்னு போன மாசம் ஆன்லைன்ல பேசுற லேப்டாப் பொம்மை ஒண்ணு வாங்கினேன், 1,400 ரூபாய். டப்பாவுல "கல்விப் பொம்மை, 3 வயசுக்கு மேல்"னு போட்டிருந்துச்சு.

மூணு நாள் ஆசையா அமுக்கினான். நாலாவது நாள் கட்டில்ல இருந்து கீழ விழுந்து பின்மூடி கழண்டுருச்சு. காசு மாதிரி வட்டமா மூணு பேட்டரி தரையில உருண்டு ஓடுச்சு. நான் அரிசி களைஞ்சுட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தா ஒண்ணை எடுத்து வாய்கிட்ட கொண்டு போயிட்டான். ஓடிப் போய்ப் பிடுங்கினேன். மூடிக்கு ஸ்க்ரூவே கிடையாது, வெறும் பிளாஸ்டிக் கொக்கி. வித்தவங்களுக்கு எழுதினா, "கீழே போட்டதுக்கு நாங்க பொறுப்பில்லை"ன்னு பதில் வருது. அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கமே வரலை.

இப்ப எதை வாங்கவும் பயமா இருக்கு. கையில 1,500 ரூபாய் இருக்கு. எழுத்து அட்டை வாங்கலாமா, கட்டைகள் வாங்கலாமா? மூணு மொழி நடுவுல குழம்பிடுவானா? மாமியார் குருவாயூர் போயிட்டு வந்து, எண்ணிப் பழகட்டும்னு ஒரு பை மஞ்சாடிக்குரு (மஞ்சாடி மரத்துச் சிவப்பு விதை) கொடுத்திருக்காங்க. அதைக் கையில கொடுக்கலாமா?

பாலக்காட்டுச் சித்தூர் அப்பா:

சகோதரி, பேட்டரி விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். அந்த வட்டப் பேட்டரி தொண்டையில சிக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய் வெந்து புண்ணாயிடும். முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காம, எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடணும். வீட்டுல ரிமோட், எடை மிஷின், பாட்டுப் பாடுற வாழ்த்து அட்டை எல்லாத்துலயும் அது இருக்கு, ஒரு தடவை தேடிப் பார்த்துடுங்க.

இனி வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்க. 2021 ஜனவரி 1-ல இருந்து 14 வயசுக்குட்பட்டவங்களுக்கான பொம்மைகளுக்கு அது கட்டாயம். அரசுகிட்ட பதிவு செஞ்ச கைவினைஞர்கள் செய்யிற பொம்மைக்கும், புவிசார் குறியீடு வாங்கின பொம்மைக்கும் விலக்கு உண்டு.

அங்கன்வாடி டீச்சர் (ஓய்வு):

கண்ணு, உன் பதிவைப் படிச்சதும் நெஞ்சு பதறுச்சு. நல்ல வேளை, ஓடிப் போய்ப் பிடுங்கினே. நான் இந்தப் பக்கத்து அங்கன்வாடில 27 வருஷம் இருந்தவ. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல அந்த மஞ்சாடிக்குருவைப் பாரு. பையை ஒரு முறத்துல கொட்டி ஒண்ணொண்ணாப் புரட்டிப் பாரு. முழுக்கச் சிவப்பா, தட்டையா, வழுவழுன்னு இருந்தா மஞ்சாடி. ஒரு முனையில கறுப்புப் பொட்டு இருந்தா அது குன்றிமணி, இந்தப் பக்கம் குன்னிக்குருன்னு சொல்றது. அதுல அப்ரின்னு கடுமையான விஷம் இருக்கு. முழுசா முழுங்கினா பல சமயம் அப்படியே வெளிய போயிடும். கடிச்சு மென்னுட்டா உயிருக்கே ஆபத்து. ஒண்ணு தென்பட்டாலும் பொறுக்கி எடுத்து எறிஞ்சிரு. மஞ்சாடியைக்கூட நீ பக்கத்துல உக்காந்து இருக்கும்போது மட்டும் கொடு. ஒரு பொண்ணு புளியங்கொட்டையை மூக்குல திணிச்சுக்கிட்டு வந்து, அதை எடுக்கப் பாலக்காடு வரைக்கும் தூக்கிட்டு ஓடினவ நான். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டைக்குள்ள நுழையிற சாமான் எதுவும், எதையும் வாயில வைக்கிற பிள்ளை கையில தனியா இருக்கக் கூடாது. எண்ணப் பழக எலுமிச்சம்பழம் போதும், பெரிய வெங்காயம் போதும்.

அடுத்து அந்த லேப்டாப். அது உடையாம இருந்திருந்தாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். எங்க சென்டருக்கு ஒருத்தங்க அது மாதிரி ஒண்ணு அன்பளிப்பாத் தந்தாங்க. ஒரு பையன் ஒரே பொத்தானை விடாம அமுக்கிட்டே இருந்தான். "ஏ ஃபார் ஆப்பிள், ஏ ஃபார் ஆப்பிள்". அவன் கண்ணு ஜன்னல் வழியா வெளிய ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. வேலையெல்லாம் பொம்மை செய்யுது, பிள்ளைக்கு அங்க செய்ய ஒண்ணுமில்லை.

அதே பையனை மறுநாள் வாசல்ல மணல் பக்கம் உக்கார வெச்சேன். நாலு சின்ன தேங்காய்ச் சிரட்டை, ஒரு பெரிய சிரட்டை, அவ்வளவுதான் கொடுத்தேன். சின்னதுல அள்ளிப் பெரியதுல கொட்டினான். ஒண்ணு. ரெண்டு. மூணாவது கொட்டினப்போ விளிம்பு வரைக்கும் நிரம்பிருச்சு. நாலாவது வழிஞ்சுது. ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தான். எல்லாத்தையும் கவுத்துட்டு மறுபடி ஆரம்பிச்சான். இந்தத் தடவை மூணோட நிறுத்திட்டு என்னைப் பார்த்தான் பாரு, அந்தப் பார்வையை இன்னிக்கும் மறக்க முடியலை. யாரும் சொல்லிக் கொடுக்கலை. சிரட்டை உடைஞ்ச ஓரத்தை மட்டும் உப்புக் காகிதம் போட்டுத் தேய்ச்சுடு, கையைக் கிழிக்கும்.

மொழியைப் பத்திக் கவலையே படாதே. எங்ககிட்ட வந்த பிள்ளைங்க பாதிக்குப் பாதி தமிழ் வீட்டுப் பிள்ளைங்கதான். "டீச்சரே, எனக்கு வெள்ளம் வேணும்"னு ரெண்டையும் கலந்து பேசுவாங்க (மலையாளத்துல வெள்ளம்னா தண்ணி). அது குழப்பம் இல்லை, கையில இருக்கிற சொல்லை வெச்சுச் சமாளிக்கிறது. கொஞ்ச நாள்ல யார்கிட்ட எதைப் பேசணும்னு தானே பிரிச்சுக்குவாங்க. உனக்கு இதுல ஒரு வசதியும் இருக்கு. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு ரெண்டு மொழியிலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சிவப்பு சுவப்பு, மஞ்சள் மஞ்ஞ. கட்டையை அடுக்கும்போது ரெண்டுலயும் சொல்லு, அவனே சிரிச்சுட்டுத் திருப்பிச் சொல்லுவான். எழுத்து அட்டை இந்த வயசுக்கு அவசரமே இல்லை. பென்சில் பிடிக்க முதல்ல விரலுக்கு வலு வரணும். சப்பாத்தி மாவுல ஒரு உருண்டை கொடு, பூண்டு உரிக்கக் கொடு, துணிக் கிளிப்பை ஒரு அட்டையில மாட்டக் கொடு.

பனையோலை கிடைக்கும் உங்க பக்கத்துல. தாத்தா யாராவது இருந்தா ஓலைக் காத்தாடி செஞ்சு தரச் சொல்லு. நடுவுல முள்ளு குத்துறதுக்குப் பதிலா ஈர்க்குச்சி வெக்கச் சொல்லு. காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு அவனே கண்டுபிடிப்பான்.

வேலந்தாவளம் மரவேலைக்காரர்:

டீச்சரம்மா சொன்னது அத்தனையும் சரி. கட்டைகளுக்கு மட்டும் நான் சொல்றேன் தங்கச்சி. கடையில வாங்க வேண்டாம், பக்கத்துல இருக்கிற ஆசாரிகிட்ட கேளு. ரப்பர் மரத் துண்டு மிச்சம் இருக்கும், சிலாம்பு ஏறாது, கனமும் அளவா இருக்கும். மூணு அளவுல அறுக்கச் சொல்லு. சின்னது ஒண்ணு, அதுல ரெண்டு சேர்த்து நீளம் வர்றது ஒண்ணு, நாலு சேர்த்து நீளம் வர்றது ஒண்ணு. அகலமும் தடிமனும் எல்லாத்துக்கும் ஒரே அளவு. அப்பதான் ரெண்டு சின்னது அடுத்த அளவுக்குச் சமம்னு கைக்குத் தெரியும். மொத்தம் நாப்பது கட்டையாவது வேணும், பத்துக் கட்டையில வீடு கட்ட முடியாது. முனையெல்லாம் மழுக்கி, உப்புக் காகிதம் போட்டுத் தேய்ச்சு, தேன்மெழுகைத் தேங்காய் எண்ணெயில உருக்கித் தடவினா போதும். பெயின்ட் வேண்டாம், வார்னிஷ் வேண்டாம்.

கலர் வேணும்னா அரக்குச் சாமான் வாங்கு. கர்நாடகத்துச் சன்னபட்ணமும் ஆந்திராவுல ஏட்டிகொப்பாக்காவும் ரெண்டுமே வெட்பாலை மரத்துலதான் கடையிறாங்க. கடைசல் சுத்தும்போதே அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பாங்க, உரசுற சூட்டுலயே உருகிப் பிடிச்சுக்கும். பிறகு தாழை மடலை வெச்சு மெருகேத்துவாங்க. ஏட்டிகொப்பாக்காவுக்கு 2017-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அரக்கு பூசினதுன்னு சொல்லி சாதா பெயின்ட் அடிச்சு விக்கிறவங்களும் உண்டு, கடையைத் தெரிஞ்சு வாங்கு.

கொழிஞ்சாம்பாறை அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பையை முறத்துல கொட்டிப் பார்த்தேன் டீச்சர். எல்லாம் மஞ்சாடிதான், ஆனா நடுவுல ஏழு குன்றிமணி கலந்திருந்துச்சு. மாமியார் பார்த்துட்டு வாயடைச்சுப் போயிட்டாங்க. எடுத்து எரிச்சுட்டோம். மிச்சத்தை டப்பாவுல போட்டு அலமாரி மேல வெச்சாச்சு.

அண்ணா சொன்ன மாதிரி ஆசாரிகிட்ட 40 கட்டை கேட்டிருக்கேன், மரத்துக்கும் கூலிக்கும் சேர்த்து 900 ரூபாய். அதுவரைக்கும் சிரட்டைதான். மணல் இல்லை, அதனால வாசல்ல வாளித் தண்ணி வெச்சேன். ஒரு கேள்வி டீச்சர்: தண்ணியை அள்ளி அள்ளித் தரையில ஊத்துறான், அளக்கவே மாட்டேங்கிறான். நான் சொல்லிக் கொடுக்கணுமா?

அங்கன்வாடி டீச்சர் (ஓய்வு):

வேண்டாம் கண்ணு. ஒரு வாரம் ஊத்தட்டும், அப்புறம் பார்க்கலாம். வாளியில தண்ணி கொஞ்சமா மட்டும் வை, அவன்கிட்ட இருந்து ஒரு நிமிஷம்கூட எழுந்து போயிடாதே. தரையைத் துடைக்க அவனுக்கே ஒரு சின்னத் துணி கொடு, பிழியிறதும் விரலுக்கு வேலைதான்.