பழைய ஃபிலிம் மேலேயே புதுசு ஒட்டலாமா, உரிச்சுத்தான் ஆகணுமா?

காவிரிக்கரை:
வணக்கம். போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன கார் எடுத்தேன், 2015 மாடல். பழைய ஓனர் முன் கண்ணாடி தவிர எல்லாத்துலயும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கார். பக்கக் கண்ணாடியெல்லாம் இப்ப நாவப்பழம் தின்ன நாக்கு கலர். பின் கண்ணாடியில அப்பளம் மாதிரி கொப்புளம். ராத்திரி ரிவர்ஸ் எடுத்தா பின்னாடி நிக்கிறது ஆளா தூணான்னு தெரியல.

கடையில கேட்டா, "உரிச்சா கண்ணாடி கீறிடும் சார், பின் கண்ணாடியில ஆவி போக்குற டீஃபாகர் கோடு போயிடும். அது மேலேயே ஒரு 50 ஃபிலிம் போட்டுடலாம், சட்டப்படி ஓகே"ங்கிறார். உரிக்கணும்னா தனிக் கூலியாம். என்ன பண்ணலாம்?

ராத்திரிவண்டி:
மேலே ஒட்டாதீங்க. 50ங்கிறது அந்த ஃபிலிம் தனியா எவ்வளவு வெளிச்சம் விடுதுங்கிற கணக்கு. கண்ணாடிக்கும் ஒரு கணக்கு இருக்கு. கம்பெனியிலேர்ந்து வர்ற லேசான பச்சைக் கண்ணாடியே சுமார் 75 சதவீதம்தான் விடும். ரெண்டையும் பெருக்கணும். பழைய ஃபிலிமும் 50ன்னே வச்சுக்குவோம், 75ல பாதி 37. அதுக்கு மேலே இன்னொரு 50 போட்டா 19 கூட வராது. இருட்டின பிறகு கூலிங் கிளாஸ் போட்டுட்டு ஓட்டுற மாதிரிதான். நான் ராத்திரி ஏர்போர்ட் டிரிப் ஓட்டுறவன், அனுபவிச்சுட்டுச் சொல்றேன்.

காவிரிக்கரை:
பெருக்கணும்னு இப்பத்தான் தெரியும் அண்ணே. கழிக்கணும்னு நெனச்சிருந்தேன். ஆனா வெயில்? திருச்சி மே மாசம் தெரியும்ல. கறுப்பு இல்லாட்டி உள்ள வெந்துடுவோமே.

கண்ணாடிக்கடை அண்ணாச்சி:
தம்பி, கறுப்புக்கும் குளுமைக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. வெயில்ல வர்ற சூட்டுல பாதிக்கு மேல கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாயம் போட்ட மலிவு ஃபிலிம் வெளிச்சத்தைத்தான் மறைக்கும், அகச்சிவப்பைப் பெரும்பாலும் உள்ள விட்டுடும். செராமிக் வகை பார்க்கக் கண்ணாடி மாதிரியே இருக்கும், சூட்டை நல்லாத் தடுக்கும். விலை ஜாஸ்தி, அது வேற கதை.

ஊதா ஆகுறது சாயம் வெயில்ல கெட்டுப்போனதால. கொப்புளம் வந்தா அடியில பசை விட்டுடுச்சுன்னு அர்த்தம். அது மேலே புதுசு ஒட்டுறது, சுண்ணாம்பு உதிர்ற சுவத்துல பெயின்ட் அடிக்கிற கதைதான். கொப்புளம் அப்படியே தெரியும், பழசு கழண்டா புதுசையும் இழுத்துட்டு வரும். 22 வருஷமா இந்த வேலை பார்க்கிறேன், மேலே ஒட்டித் தாங்கன்னு கேட்டவங்களைத் திருப்பி அனுப்பியிருக்கேன்.

உரிக்க ஹீட் கன் வேணாம், புதுக் கைக்குக் கண்ணாடி விரிசல் விடும். ஹேர் டிரையர் போதும். மேல் மூலையில நகத்தால கிளப்பி, அங்கயே சூடு காட்டிக்கிட்டு, மெதுவாக் கீழே இழுங்க. அவசரப்பட்டா ஃபிலிம் மட்டும் கிழிஞ்சு பசை கண்ணாடியிலேயே நின்னுடும். நின்னா சோப்புத் தண்ணி அடிச்சு, கறுப்பு குப்பைப் பையை வெட்டி ஒட்டி, வெயில்ல ஒரு மணி நேரம் விடுங்க. நம்ம ஊர் வெயில் ஒண்ணுக்காவது உதவட்டும். அப்புறம் பக்கக் கண்ணாடியில மட்டும் ஈரத்தோட பிளேடை நல்லாப் படுக்க வச்சு வழிங்க. கதவு பீடிங் ரப்பர்ல படாமப் பாருங்க.

பின் கண்ணாடியில பிளேடு கூடவே கூடாது. டீஃபாகர் கோடு உள்பக்கத்துல, ஃபிலிம் ஒட்டின அதே பக்கத்துலதான் இருக்கு. கோடு போற திசையிலேயே, இடமிருந்து வலமா இழுக்கணும். பசையை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் துணியும் வச்சு எடுங்க. அமோனியா ஊத்தச் சொல்வாங்க, மூடின வண்டிக்குள்ள அந்த நெடி ஆகாது.

கறுப்புக்கோட்டு:
சட்டம் பத்திக் கொஞ்சம். மத்திய மோட்டார் வாகன விதி 100 படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சம் விடணும். 2012 ஏப்ரல் 27ல் உச்ச நீதிமன்றம், சதவீதம் எதுவானாலும் ஃபிலிம் ஒட்டவே கூடாதுன்னு தீர்ப்பு சொன்னது. அப்புறம் விதியே மாறி, 2021 ஏப்ரல் 1 முதல் தரச்சான்றுள்ள 'சேஃப்டி கிளேஸிங்'கையும் (பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியும் இதுல வரும்) அனுமதிச்சது. அந்த மாற்றத்தை வச்சு, அளவுக்குள்ள இருக்கிற ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாதுன்னு கேரள உயர் நீதிமன்றம் 2024ல் சொல்லியிருக்கு. ஆனா ரோட்டுல நிறுத்துறவர் இதெல்லாம் படிச்சிருப்பார்னு எதிர்பார்க்காதீங்க. பில், சான்று ரெண்டையும் வண்டியில வைங்க.

வெளிச்சம் அளக்கிற மீட்டர் வச்சா கண்ணாடியும் ஃபிலிமும் சேர்த்துத்தான் அளவு காட்டும். உங்க கடைக்காரர் சொன்ன "50 ஓகே" அங்கயே அடிபட்டுப்போச்சு. பக்கத்துக்கு 70 ஃபிலிம் போட்டாத்தான் 52 வரும். பின் கண்ணாடிக்கு நிறமே இல்லாத வகை போட்டாக்கூட 70 வருமாங்கிறது சந்தேகம்.

காவிரிக்கரை:
ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தேன். பக்கக் கண்ணாடி நாலும் அண்ணாச்சி சொன்னபடி வந்துச்சு. ஒண்ணு மட்டும் முழுசா, வாழைநார் உரிக்கிற மாதிரி ஒரே இழுப்புல வந்தது, அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. பின் கண்ணாடியில தப்பு பண்ணிட்டேன். பொழுது சாஞ்சு கண்ணாடி ஆறிப்போச்சு, பொறுமையும் போச்சு. கோட்டுக்குக் குறுக்கே, மேலேர்ந்து கீழே இழுத்தேன். மூணாவது கோடு ஒரு நகம் அளவுக்கு ஃபிலிமோட வந்துடுச்சு. வீட்டுல சொல்லல.

கண்ணாடிக்கடை அண்ணாச்சி:
ஒண்ணுதானே, விடுங்க. சில்வர் கண்டக்டிவ் பெயின்ட்னு சின்னக் குப்பியில எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, கோட்டுக்கு மேலேயும் கீழேயும் டேப் ஒட்டி, நடுவுல இருக்கிற சந்துல தொட்டு வைங்க. ரெண்டு பக்கமும் பழைய கோட்டு மேல கொஞ்சம் ஏறணும். ஒரு நாள் காயட்டும். அப்புறம் கண்ணாடியில ஆவி படிய வச்சு டீஃபாகரைப் போடுங்க. அந்தக் கோட்டோரம் மட்டும் ஆவி போகலன்னா இன்னொரு பூச்சு கொடுங்க.

காவிரிக்கரை:
ரெண்டாவது பூச்சுல சரியாயிடுச்சு அண்ணாச்சி. கோடு கொஞ்சம் தடிப்பா இருக்கு, தேடினாத்தான் தெரியும். பக்கத்துக்கு 70 செராமிக், வேற கடையில. நாலு நாளைக்குக் கண்ணாடி இறக்காதீங்கன்னு சொல்லியிருக்காங்க, டோல்ல கதவைத் திறந்துதான் பேசுறேன். பின் கண்ணாடிக்கு ஒண்ணும் ஒட்டல. நேத்து ராத்திரி ரிவர்ஸ் எடுத்தேன். தூண்தான்.