கயாக்கில் உயிர் இரை: சபிக்கியா, வீச்சு வலையா?

கோவளம் துடுப்பு:

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற ஞாயிறு காலை, சென்னையை அடுத்த கோவளத்தில் அலையைத் தாண்டிய சற்று நேரத்தில், எங்களுடன் வந்த ஒருவர், பெரிய மீனுக்கு உயிர் இரையாகக் கோக்கும் சிறு மீன்களைப் பிடிக்க, கயாக்கில் (துடுப்பிடும் சிறு படகில்) அமர்ந்தபடியே வீச்சு வலையை எறிய முயன்று கவிழ்ந்துவிட்டார். மிதவைச் சட்டை அணிந்திருந்ததால் பெரிய தீங்கு நேரவில்லை. ஆனால் வலைக்கயிற்றின் சுருக்கு மணிக்கட்டில் இறுகியிருக்க, வலையின் ஈயமணிகள் கையைக் கீழே இழுக்க, அவர் அதைக் கழற்றி முடிக்கும்வரை நாங்கள் பட்ட பதற்றமே இந்த இழையைத் தொடங்கக் காரணம்.

வீச்சு வலை என்பது காலை ஊன்றி நின்று, இடுப்பைத் திருப்பி எறிய வேண்டிய கருவி. கயாக்கில் அதற்கு இடமே இல்லை. உயிர் இரை வேண்டுவோருக்குச் சபிக்கி என்னும் தூண்டில் சரடுதான் ஏற்றது என்பது என் நிலைப்பாடு. ஜப்பானிலிருந்து வந்த இந்தச் சரட்டில் பொதுவாக ஆறு சிறு முட்களும், ஒவ்வொரு முள்ளிலும் மீன்தோலோ மினுங்கும் இழையோ, அடியில் ஓர் ஈயமும் இருக்கும். ஆலாக்கள் தாழப் பறந்து நீரில் பாயும் இடத்தில் அதை இறக்கி, கோலின் நுனியை மெல்ல உயர்த்தித் தாழ்த்தினால் கவலை மீனும் சிறு பாறை மீனும் ஏறும். முதல் மீன் மாட்டியதும் தூக்கிவிடாமல் சற்றுப் பொறுத்தால், அதன் துடிப்பைக் கண்டு மற்றவையும் வந்து கடிக்கும்.

முகத்துவாரம்:

கவிழ்ந்த நண்பர் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் அவர் செய்த பிழை வலையை எறிந்ததன்று, கயாக்கில் அமர்ந்துகொண்டு எறிந்தது. நான் பல ஆண்டுகளாகக் கழிமுகத்தில் கயாக்கைக் கரையோரம் கட்டிவிட்டு, முழங்கால் ஆழத்தில் நின்றுதான் வலை வீசுகிறேன். விடியலில் மடவைக் குஞ்சுகள் கூட்டமாகக் கரையை ஒட்டி மேயும்போது, இரண்டு மூன்று வீச்சில் அன்றைய தேவைக்கு உரியது கிடைத்துவிடும். அதன்பின் கயாக்கில் ஏறினால் போதும்.

எந்த மீன் உயிரோடு நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கவலை மீனின் செதில் கை பட்டாலே உதிரும். செதிலும் வழுவழுப்பும் போன மீன் நெடுநேரம் பிழைக்காது. அயிலையோ நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுளில் போதிய நீர் பாயும். அதை ஒரு வாளியில் நிறுத்தி வைப்பது மூக்கைப் பொத்தி வைப்பதற்குச் சமம். மடவை அப்படியன்று. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கி வளர்ந்த மீன் அது. ஆறு முட்களைக் கொண்ட சரட்டை மடியில் வைத்துக்கொண்டு, துள்ளும் மீனையும் கையில் பிடித்து, அலையில் ஆடும் கயாக்கில் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பானது என்று எனக்குத் தோன்றவில்லை. என் முழங்கையில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது.

பசிபிக் கரை:

நான் அமெரிக்காவின் சான் டியேகோவில் வசிக்கிறேன். இங்கே லா ஹோயா கடற்கரையில் கயாக்கில் செல்வோரில் பலர் சபிக்கியால் அயிலையின் உறவான பசிபிக் அயிலையைப் பிடித்து, கடற்பாசிக் காட்டின் ஓரத்தில் எல்லோடெயில் என்னும் பாறை இன மீனுக்கு இரையாக விடுகிறார்கள். மூலையில்லாத வட்ட அல்லது நீள்வட்டத் தொட்டியும், மின்கலத்தில் ஓடும் சிறு பம்பும் இருந்தால் அயிலை சுற்றி நீந்திக்கொண்டே இருக்கும். மூலையுள்ள பெட்டியில் மீன்கள் ஒரே பக்கம் நெருங்கி, மூக்கை மோதிச் சாகின்றன என்பதை நானும் பட்டுத்தான் அறிந்தேன்.

முள்ளைக் கழற்றக் கையே தேவையில்லை. வளைந்த கம்பி ஒன்றை முள்ளின் வளைவில் கொளுவி, தொட்டியின் மேல் கவிழ்த்து உதறினால் மீன் தானாக நீரில் விழும், செதிலும் போகாது. ஒரே எச்சரிக்கை: இங்கே மாட்லவாயில் என்னும் கடல் காப்பகத்தில் 2012 முதல் எந்த உயிரையும் எடுக்கக் கூடாது, அது இரை மீனுக்கும் பொருந்தும் என்பதை மறந்து, எல்லைக்குள்ளேயே சரட்டை இறக்குவோர் உண்டு.

முகத்துவாரம்:

உங்கள் தொட்டி உங்கள் கடலுக்கு உரியது. அங்கே கோடையிலும் நீர் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்த வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீர் 7 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜன் கொள்ளும். சென்னைக் கடல் 30 டிகிரியைத் தொடும் நாளில் அது ஏறத்தாழ 6 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே நேரத்தில் வெப்பத்தால் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவோ கூடுகிறது. வெயிலில் நிற்கும் தொட்டி இன்னும் சூடாகும். பம்பு கொண்டுவந்து கொட்டுவதும் அதே வெந்நீர்தானே?

முத்துக்குளி:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். இரு தரப்பாரும் எதைக் கொண்டு பிடிப்பது என்றே பேசுகிறீர்கள். எத்தனை வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கயாக்கில் ஒரு மனிதர் நான்கு மணி நேரத்தில் உயிரோடு பயன்படுத்தக்கூடிய இரை ஐந்தோ ஆறோதான். அதற்கு ஒரு வலையும் வேண்டாம், ஆறு முட்களும் வேண்டாம். மெல்லிய தங்கூசியில் (நைலான் நரம்பில்) ஒரே ஒரு சிறு முள்ளைக் கட்டி, நகக்கண் அளவு இறால் துண்டைக் குத்தி, மணல் தரையில் இறக்குங்கள். கிழங்கான், ஊடகம் ஆகிய மீன்கள் ஒவ்வொன்றாக வரும். தரையில் வாழும் இவை கவலையைப் போலத் தொட்டவுடன் சாவதில்லை. வலையில் அகப்படும் மடவைக் குஞ்சுகளில் முக்கால் பங்கை நீங்கள் திருப்பி விடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவற்றில் எத்தனை பிழைக்கின்றன?

இன்னொன்று. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் கரையில் காற்று உங்களைக் கடலுக்குள் தள்ளும். மீன் கூட்டத்தின் மேல் சபிக்கியை ஆட்டிக்கொண்டு தலை குனிந்திருக்கும் அரை மணி நேரத்தில், கரை எவ்வளவு விலகியது என்பது நிமிர்ந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

கோவளம் துடுப்பு:

அண்ணாச்சி, ஒற்றை முள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் நான் தேடுவது வஞ்சிரம். (உங்கள் ஊரில் சீலா என்பீர்கள், எங்கள் ஊரில் சீலா என்றால் வேறு மீன். இந்தக் குழப்பத்தால் ஒருமுறை சந்தையில் ஏமாந்திருக்கிறேன்.) மேல்நீரில் கவலையைத் துரத்தும் வஞ்சிரத்துக்குக் கிழங்கானைக் காட்டுவதைவிட, அது அப்போது துரத்திக்கொண்டிருக்கும் கவலையையே காட்டுவதில் பொருள் இருக்கிறது. அதைத் தரையில் இறால் போட்டுப் பிடிக்க முடியாது.

முகத்துவாரம் நண்பருக்கு: வெப்பக் கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் கோடையில் எங்கள் கழிமுகத்தின் வாயை மணல் திட்டு அடைத்துவிடுகிறது. உள்ளே பிடித்த மடவையைச் சுமந்து மணலைக் கடந்து, மூன்று வரிசை அலையையும் உடைத்துக்கொண்டு போகும்போது வாளியில் பாதி நீர்தான் மிஞ்சுகிறது. அலைக்கு அப்பால் பிடித்த மீன் இந்தப் பயணத்தைச் செய்ய வேண்டியதில்லை. நான் அதைத் தொட்டியில் சேர்த்து வைப்பதும் இல்லை. பிடித்த உடனே மூக்கில் முள்ளைக் கோத்து மெல்லத் துடுப்பிட்டு இழுக்கிறேன். ஒன்று தீர்ந்த பிறகுதான் அடுத்தது.

முகத்துவாரம்:

அப்படியானால் நாம் வெவ்வேறு மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு வேண்டியது கொடுவா. அது கழிமுகத்தின் உள்ளேயே இருக்கிறது, மடவையைத்தான் தின்கிறது, நான் அலையை உடைக்கவே வேண்டியதில்லை. துளையிட்ட பிவிசி குழாயில் நான்கு மடவையை இட்டு, கயாக்கின் பக்கவாட்டில் நீரில் மிதக்க விடுகிறேன். பம்பும் இல்லை, மின்கலமும் இல்லை. வஞ்சிரத்துக்கு உங்கள் முறை பொருந்தலாம். ஆயினும் ஆறு முள் சரட்டைக் கயாக்கில் ஏற்றுவதை நான் இன்னும் ஏற்கவில்லை.

கோவளம் துடுப்பு:

ஆறு என்று யார் சொன்னது? கடையில் வாங்கும் சரட்டை நடுவில் வெட்டி மூன்று மூன்றாக்கிக்கொள்கிறேன். பயன்படுத்தாதபோது ஒரு தக்கைத் துண்டைச் சுற்றி, முனைகளை அதில் குத்தி வைக்கிறேன். முதல் இடுகையில் அதைச் சொல்லாதது என் தவறு.

பசிபிக் கரை:

வெந்நீர் பற்றிய கேள்விக்கு இப்போதுதான் விடை எழுத முடிந்தது. மூடிய நெகிழிப் புட்டியில் நீரை உறைய வைத்துத் தொட்டியில் மிதக்க விட்டால் வெப்பம் படிப்படியாக இறங்கும். பனிக்கட்டியை நேரடியாகப் போட்டுவிடாதீர்கள். உருகும் நன்னீர் உப்பின் அளவைக் குலைக்கும், குழாய்நீரில் குளோரினும் இருக்கலாம்.

முத்துக்குளி:

ஐந்து மீனுக்கு ஒரு தொட்டி, ஒரு பம்பு, ஒரு மின்கலம், இப்போது ஒரு பனிப்புட்டியும். கயாக்கில் ஆள் உட்கார இடம் மிச்சமிருக்கிறதா, தம்பி?