ஊடுகழிப்பு, தேங்குகழிவு: டயலிசிஸுக்கு என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்யும் டயலிசிஸுக்குத் தமிழில் ‘குருதி வடிகட்டல்’, அதில் கழிவைப் பிரிக்கும் மெல்லிய சவ்வுக்கு ‘வடிசவ்வு’ என்று பெயர் வைக்கும் முன்மொழிவுக்குப் பலர் கை தூக்கியிருக்கிறீர்கள். நான் தூக்கவில்லை. காரணம் சொல்வதற்கு இலங்கையின் வன்னியில், நெடுங்கேணியில் இருக்கும் என் பெரியப்பாவைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள் அவருடன் பஸ் ஏறிப் போய், நான்கு மணி நேரம் கட்டிலருகே இருந்துவிட்டு வருகிறேன். ஆரம்பத்தில் ஒருநாள் தாதி ஒருவர், “ஐயா, இரத்தத்தில் யூரியா கூடிவிட்டது, நஞ்சு சேர்ந்திருக்கிறது” என்றார். பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. காலமெல்லாம் வயல் செய்த மனிதர் அவர். வன்னியில் யூரியா என்றால் பசளைப் பை. நஞ்சு என்றால் மருந்தடிக்கும் போத்தல். “அரசு பசளைக்குத் தடை போட்ட 2021இல் என் வயலே ஒரு பிடி யூரியாவைக் காணவில்லை. எனக்குள் எப்படி வந்தது?” என்று கேட்டார். தாதி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டும் ஒரே மூலக்கூறுதான். பையில் இருப்பது ஆலையில் செய்தது, இரத்தத்தில் இருப்பது உண்ட புரதம் உடைந்து ஈரலில் உண்டானது. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வந்த மண் இது. பசளை, கிருமிநாசினி, கிணற்று நீர் என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகம் இருக்கிறது. இங்கே போய் ‘நஞ்சு’ என்று சொன்னால், யாரோ ஊட்டிவிட்டார்கள் என்றோ தானே தேடிக்கொண்டது என்றோதான் நோயாளி நினைப்பார்.

ஆகவே இப்படி இரத்தத்தில் சேரும் யூரியா போன்றவற்றுக்கு நச்சு, நஞ்சு இரண்டையும் விட்டுத் ‘தேங்குகழிவு’ என்று வைப்போம் என்கிறேன். உடல் தானே உண்டாக்கியது, வெளியேற வழியில்லாமல் தேங்கியது. துருசு (நீர் வெளியேறும் மதகு) அடைத்த குளத்தைப் பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனிச் சவ்வு. வடிகட்டி என்றதும் எங்கள் ஊரவருக்கு நினைவில் வருவது ஆர்.ஓ. தண்ணீர். அங்கே அழுத்தம் கொடுத்து நீரைச் சவ்வுக்குள்ளால் தள்ளுகிறோம், உப்பு பின்தங்குகிறது. டயலிசிஸில் யூரியா போவது அப்படியல்ல. பெரியப்பாவின் இயந்திரத்தில் மாட்டும் குழலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளே சேமியாக் கட்டுப்போல் வெள்ளை இழைகள், ஏறக்குறைய பத்தாயிரம். ஒவ்வொன்றும் துளையுள்ளது, உள்விட்டம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒன்று. இழைக்குள் இரத்தம் ஓடுகிறது, வெளியே அதற்கு எதிர்த்திசையில் கழுவுநீர் ஓடுகிறது. யூரியா செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாகப் பரவுகிறது. எதிர்த்திசை என்பதால் குழலின் தலை முதல் கால் வரை அந்தச் செறிவு வேறுபாடு குலையாமல் இருக்கிறது. நிமிடத்துக்கு 500 மில்லிலீட்டர் என்றால் ஒரு தடவைக்கு 120 லீட்டர் கழுவுநீர். வடிகட்டுவதற்கு இவ்வளவு நீர் எதற்கு என்று கேட்டவர் பெரியப்பாதான். ‘வடி’ என்ற சொல்லே அவருக்கு அந்தக் கேள்வியைக் கொடுத்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உடம்பில் ஏறிய மேலதிக நீரை இறக்குவது அழுத்தத்தால்தான். அதற்கு ‘நீர்வடிப்பு’ பொருத்தமான சொல், அதை வைத்துக்கொள்வோம்.

டயலிசிஸுக்கு எங்கள் பாடப்புத்தகம் தரும் ‘கூழ்பிரிப்பு’ பிழையான சொல் அல்ல. 1861இல் இரசாயனவியலாளர் தோமஸ் கிரகாம் டயலிசிஸ் என்று பெயரிட்டபோது கூழ்ப்பொருளையும் பளிங்குப்பொருளையும் சவ்வு கொண்டுதான் பிரித்தார். ஆனால் கட்டிலில் கிடப்பவருக்குக் கூழ் என்றால் ஒடியற்கூழ். 1943இல், ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில், சொசேஜ் உறைக்கு இருந்த செலோபேன் குழாயைச் சவ்வாக்கி வில்லெம் கொல்ஃப் என்ற மருத்துவர் டயலிசிஸ் இயந்திரம் செய்தார். போருக்குள் கிடைத்ததை வைத்து மருத்துவம் பார்ப்பது என்னவென்று வன்னிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் சொல் ‘ஊடுகழிப்பு’. ‘ஊடு’ சவ்வுக்கு ஊடாக என்பதைச் சொல்லும். ‘கழிப்பு’ சிறுநீர் கழித்தலிலிருந்து வருகிறது. சிறுநீரகம் கைவிட்ட வேலை அதுதானே. நீத்துப்பூசணி வெட்டிக் கழிக்கும் கழிப்பும் இதற்குள் கேட்கிறதே என்று அக்கா சொன்னார். கேட்கட்டும். சவ்வை ‘ஊடுகழிப்புச் சவ்வு’ என்று முழுதாகவே எழுதுவோம். ‘கழிசவ்வு’ என்று சுருக்கினால் கழிசடை நினைவுக்கு வருகிறது.

சவ்வின் வகைகளுக்கும் பெயர் வேண்டும். யூரியா வெறும் 60 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு), எந்தச் சவ்விலும் எளிதாகப் போய்விடும். தேங்கும் இன்னொரு பொருளான பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதம் 11,800 டால்டன். பழைய செலுலோஸ் சவ்வுகள் அதை அநேகமாக விடவில்லை. இப்போதைய பாலிசல்போன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) சவ்வுகளில் துளைகளைப் பெரிதாகச் செய்கிறார்கள், ஆனால் இரத்தத்துக்கு வேண்டிய புரதமான, 66,000 டால்டனைத் தாண்டும் அல்புமின் போய்விடக் கூடாது. இவற்றை ‘அகல்துளைச் சவ்வு’ எனலாம். இன்டொக்சில் சல்பேட்டு என்ற இன்னொரு தேங்குகழிவு தன்னளவில் சிறியது, ஆனால் பெரும்பகுதி அல்புமினைக் கட்டிக்கொண்டு இருப்பதால் துளையை எவ்வளவு அகட்டினாலும் சரியாக வெளியேறுவதில்லை. அதற்குப் ‘புரதம்பற்றிய தேங்குகழிவு’ என்று எழுதிப் பார்த்தேன், ‘பற்றுகழிவு’ இன்னும் நன்றாக இருக்கிறது.

இழைகள் அடங்கிய அந்தக் குழலுக்குத்தான் பெயர் அமையவில்லை. ‘ஊடுகழிகுழல்’ நாக்கில் தடுக்குகிறது. யாராவது சுருக்கித் தாருங்கள். வியாழக்கிழமை கட்டிலருகே சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.