நெல்லை – நாகர்கோவில் நாலுவழிச் சாலை: 80ல போனா என்ன, 100ல போனா என்ன?

பாளையங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். தம்பி புது கார் எடுத்திருக்கான், வாராவாரம் நாகர்கோவில் போகணும். நாங்குநேரி தாண்டினா ரோடு நேரா, காலியா கிடக்கு. ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் இருக்கு, 120லயும் வண்டி ஆடல, பொறவு எதுக்கு 80ல உருட்டணும்னு கேக்கான். சும்மா 'மெதுவா போ'ன்னா காதுல ஏறாது. கணக்கோட சொல்லுங்க.

ஓட்டுநர் பயிற்சியாளர்:
தடை ஒன்று கண்ணில் பட்டு கால் பிரேக்கில் அழுந்தவே சுமார் ஒன்றரை நொடி ஆகும். 80ல் அதற்குள் 33 மீட்டர் போயிருக்கும், 120ல் 50 மீட்டர். அதன்பிறகுதான் பிரேக் வேலை ஆரம்பம். நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் மொத்தமாக நிற்க 80ல் ஏறத்தாழ 70 மீட்டர், 100ல் 98, 120ல் 130.

இப்போது 100 மீட்டர் முன்னால் ஒரு மாடு குறுக்கே வருகிறது என்று வையுங்கள். 80ல் வந்தவர் 30 மீட்டர் மிச்சம் வைத்து நிற்பார். 100ல் வந்தவர் மாட்டின் காலடியில் நிற்பார். 120ல் வந்தவர் பிரேக்கை முழுசாக மிதித்தபடியே 70க்கு மேல் வேகத்தில் மோதுவார். தம்பியிடம் இந்த ஒரு கணக்கைச் சொல்லுங்கள், போதும். மழையில் ஈரமான ரோட்டில் பிரேக் தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

ஏபிஎஸ் தூரத்தைப் பெரிதாகக் குறைக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்க வைக்கும், அவ்வளவுதான். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிரேக் பெடல் காலுக்கடியில் துடிக்கும். பயந்து காலை எடுத்துவிடக் கூடாது, அழுத்தியே வைக்க வேண்டும்.

நேரக் கணக்கும் பாருங்கள்: சுமார் 80 கிலோமீட்டர். முழுத்தூரமும் ஒரே சீராக ஓட்ட முடிந்தால்கூட 80ல் ஒரு மணி நேரம், 100ல் 48 நிமிடம். டோல்கேட்டும் ஊர் வாசல்களும் அந்த 12 நிமிடத்திலும் பாதியைத் தின்றுவிடும்.

டயர் கடை, மேலப்பாளையம்:
வெயில் காலத்துல காத்தைக் குறைச்சு வைக்கணும்னு நம்ம பக்கம் ஒரு தப்பான பழக்கம் இருக்கு. தயவுசெஞ்சு செய்யாதீங்க. காத்து குறைஞ்சா டயரோட பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி விரியும், அதுலதான் சூடு ஏறும். வேகம் கூடக் கூட மடங்குறதும் கூடும். சித்திரை வெயில்ல 110, 120ல ரெண்டு மணி நேரம் விரட்டினா வெடிக்கிறது பெரும்பாலும் இந்த டயருதான். டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற அளவுதான் சரி. ஆள் நிறைஞ்சா அதுலயே எழுதியிருக்கிற கூடுதல் அளவு. காலையில வண்டி எடுக்கும் முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போது பாக்கணும்.

பக்கச்சுவர்ல நாலு இலக்கம் இருக்கும். 2419ன்னா 2019ல 24ஆவது வாரம் செஞ்சது. ஆறு வருஷம் தாண்டினா பட்டன் (ரோட்டைப் புடிக்கிற மேல்வரி) நல்லா தெரிஞ்சாலும் நம்பாதீங்க. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தாச்சுன்னா மாத்தியே ஆகணும். ஐப்பசி மழையில தேங்கின தண்ணியை ஒதுக்க முடியாம 80ஐ ஒட்டியே வண்டி தண்ணி மேல மிதக்க ஆரம்பிச்சுரும். ஸ்டியரிங் திடீர்னு லேசானா அதுதான் அடையாளம்.

டயர் வெடிச்சா பிரேக்கைத் தொடாதீங்க. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் நேராப் புடிச்சு, ஆக்சிலேட்டரை மெள்ள விட்டு, வேகம் தானா குறைஞ்ச பொறவு இடப்பக்கம் ஒதுக்குங்க.

வள்ளியூரான், லாரி:
கணக்கெல்லாம் சரிதான். இந்த ரோட்டுக்குன்னே ரெண்டு விஷயம் இருக்கு, தம்பிகிட்ட சொல்லுங்க அண்ணாச்சி.

முதல்ல காத்து. வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் ஆரல்வாய்மொழி கணவாய்ல புகுந்து வார காத்து பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் வரைக்கும் வண்டியைப் பக்கவாட்டுல தள்ளும். தெக்க போகையில காத்து வலது பக்கம். லாரியை முந்துதப்போ லாரி மேலயே தள்ளும். திரும்பி வரும்போது காத்து இடது பக்கம். முந்துற வரைக்கும் லாரி மறைச்சு நிக்கும், அது மூக்கைத் தாண்டுன நொடியில மொத்தக் காத்தும் அடிச்சு மீடியன் (ரோட்டு நடுத்தடுப்பு) பக்கம் தள்ளும். 100ல ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுது, ஸ்டியரிங்கைச் சரி பண்ண எங்க நேரம்? அந்த இடத்துல 60, 70க்கு இறங்கிரணும், ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கணும். பைக்குக்காரவ முந்தவே வேண்டாம்.

ரெண்டாவது அரளி. நடுவுல ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிக்கி. அதுக்குப் பின்னால நிக்கிற ஆளும் ஆடும் உங்களுக்குத் தெரியாது, அவங்களுக்கும் உங்களைத் தெரியாது. மூன்றடைப்பு, நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் மீடியன் இடைவெளி வந்தா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்து பிரேக் மேல வையுங்க. அதுலயே கால் நொடி, அரை நொடி மிச்சம். எதிர்த்திசையில பைக் வாரதும் இங்கதான், அதனால இடது ஓரத்தை ஒட்டி விரட்டக் கூடாது.

பாளையங்கோட்டைக்காரன்:
ரொம்ப நன்றி. ராத்திரி திரும்பும்போது?

ஓட்டுநர் பயிற்சியாளர்:
லோ பீமில் தெளிவாகத் தெரிவது சுமார் 40, 50 மீட்டர். அதற்குள் நிற்க வேண்டுமென்றால் 60தான் வேகம். எதிரே வண்டி இல்லாத இடத்தில் ஹை பீம் போட்டு 80 வரை போகலாம், எதிர் வெளிச்சம் வந்து டிம் பண்ணியதும் காலும் கூடவே எழ வேண்டும். பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கிற லாரி அந்த வெளிச்சக் கூச்சத்துக்குள்தான் மறைந்திருக்கும். கிளம்பும் முன் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைக்கச் சொல்லுங்கள்; உள்பக்கப் படலம்தான் கூச்சத்தை அதிகமாக்கும்.